எட்டு ஏக்கர் தேரியும் ஏழு வரிச் செய்தியும்

மகனே, துபாயிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. அம்மா அதை இரண்டு தடவை வாசித்தாள். தை மாதம் லீவில் வருகிறாய். கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் தேரிக்காட்டில் வேட்டைவீட்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்கிறாய். அஸ்திவாரக் கல் அப்படியே இருக்கிறதா, கூரைக்குப் பனங்கை போதுமா, கிணறு தோண்டினால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். உன்னோடு கிரேன் ஓட்டும் நண்பர்கள் மூன்று பேர் கல்யாணத்துக்கு வருகிறார்கள் என்றும், அவர்களுக்கு முயல் சுடக் காட்டிக்கொடுக்கப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கிழக்கே பார்த்த வராந்தா என்று பென்சிலால் வரைந்த படமும் வந்தது. படம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டை நீ கட்டக் கூடாது. கட்டாதே என்று உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை; நிலம் உன் பெயரில் இருக்கிறது. அதனால் காரணத்தைச் சொல்கிறேன். தபாலில் போட வேண்டிய பதிலை, முப்பது வருஷம் நான் வேலை பார்த்த இதே பத்திரிகையில் அச்சுப் போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்பது வாசிக்கும்போது உனக்கே விளங்கும்.

அந்த நிலத்தின் மேல் எனக்கு எப்படி ஆசை வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். எந்தக் கப்பல் வந்தது, என்ன இறக்கியது, எப்போது போகிறது என்று தினமும் எழுதுவதுதான் என் வேலை. அப்போது ஒரு கப்பல் கம்பெனி மானேஜருக்கு மேற்கே மலையடிவாரத்தில் வேட்டைக்கென்று ஒரு வீடு இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பத்திரிகைக்காரர்களையும் கூட்டிப்போவார். ஓட்டு வீடு, பின்னால் ஓடை, சுவரில் கலைமான் கொம்பு. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "உட்காரும் வே, ஏன் நிக்கீரு?" என்பார். நான் உட்காருவேன். கௌதாரி வறுவல் வரும், சாப்பிடுவேன். திரும்பி வந்து அவர் கம்பெனிக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாக எழுதுவேன். இருபது வருஷத்துக்கும் மேலாக அடுத்தவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம், நம் வாசலில் நின்று நாம் ஒருவரை 'உட்காரும்' என்று சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று ஒரு பயணத்தில் தோன்றியது. வேட்டை ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய ஆசை அந்த நாற்காலிதான்.

சாத்தான்குளத்தில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி, செம்மணல் மேடான தேரியில் எட்டு ஏக்கர் விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். செம்மண், கணுக்கால் வரை புதையும். உடைமரம், கொல்லாமரம், அங்கங்கே கூட்டமாகப் பனை. ரோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. மணலில் முயல் ஓடிய தடம் நூல் பிடித்தது போலக் கிடந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ஆனாலும் நான் அவசரப்படவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சிட்டா பார்த்தேன். பட்டா பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். கர்ணத்தை இரண்டு தடவை பார்த்துப் பேசினேன். நீ அப்போது மைனர். கார்டியனாக நான் கையெழுத்துப் போட்டு உன் பெயரில் பத்திரம் பதிந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஒரு செய்தியைச் சரிபார்க்கிறது போல எல்லாத்தையும் சரிபார்த்துட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். பார்த்ததெல்லாம் காகிதம். தேரிக்குள் இருக்கும் ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பங்குனி மாதம் தச்சரைக் கூட்டிக்கொண்டு போனபோது நம் நிலத்தின் நடுவில் புகை எழுந்துகொண்டிருந்தது. பனையோலையில் கட்டிய ஒரு குடிசை. பதநீர் காய்ச்சும் அந்தக் குடிசையை அங்கே விடிலி என்பார்கள். உள்ளே ஒரு பெண் அடுப்பில் கருப்பட்டிப் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பேர் செல்லக்கனி. அவள் புருஷன் ஞானமுத்து பனையிலிருந்து இறங்கி வந்து, "வாங்கய்யா, ஆரைத் தேடி வந்திய?" என்று கேட்டார். நிலத்தை வாங்கிய பத்திரிகைக்காரன் நான் என்று சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"சந்தோசம்யா. மண்ணு ஒங்களுக்கு. மரம் எங்களுக்கு."

எனக்குப் புரியவில்லை.

"எங்க அப்பா காலத்துலயே நாப்பத்தாறு பனையையும் அண்ணாச்சிக்க தாத்தாட்ட வாங்கியாச்சு. மண்ணு வேற கை, மரம் வேற கை. இங்கன எல்லாமே அப்படித்தான். ஏளா, அந்தத் தகரப்பெட்டியை எடு."

செல்லக்கனி பெட்டியிலிருந்து ஒரு பழைய பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் வில்லங்கம் பார்த்த வருஷங்களுக்கெல்லாம் முந்தியது. ஏறி இறங்கவும், பாதை போகவும், விடிலி போடவும் அதில் உரிமை எழுதியிருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "பேப்பர்ல எழுதுதவரு போலுக்க. மரம் ஆருதுன்னு ஒரு ஆளுட்ட கேக்கலியா?" தச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கு ஒரு கலயம் பதநீர் கொடுத்தார்கள். நான் வாங்கிக் குடித்தேன். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூசியிருந்ததைப் பார்த்தேன். இதை மறந்துவிடாதே.

ஞானமுத்து கேட்டது ஒன்றுதான். "தையிலேருந்து ஆவணி வரைக்கும் நாங்க மேல இருப்போம்யா. விடியக்காலமும் சாயங்காலமும் மரத்துலதான் கிடப்போம். மேல ஆளு இருக்கையில கீழ வெடி வேண்டாம். புரட்டாசிக்குப் பொறவு ஒங்க இஷ்டம். ஆனையைக் கூடச் சுடுங்க." நியாயமான பேச்சு. ஆனால் முயலும் கௌதாரியும் வெளியே வருவது அதே விடியற்காலத்திலும் சாயங்காலத்திலும்தான். புரட்டாசிக்குப் பிறகு மழை; துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறும் மாதங்கள்; அப்போது எனக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது. ஆக, நான் வாங்கிய வேட்டைக்காடு எனக்கு ஒருநாளும் உதவாது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே கணக்காகிவிட்டது. அண்ணாச்சியிடம் போய்ச் சண்டை போட்டேன். "பனை போகத்தானே வே விலை சொன்னேன், இது ஒரு கேள்வியா?" என்றார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. மரத்தை விற்கிறாயா என்று ஞானமுத்துவைக் கேட்டேன். "இதை வித்துட்டு நான் எங்கன ஏறட்டும்?" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் மதுவிலக்கு திரும்ப வந்தது. கள்ளுக்கடைகள் மூடிக் கிடந்தன. எந்த ஊரில் யார் கள் இறக்குகிறார்கள், யார் காய்ச்சுகிறார்கள் என்று தினம் ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் மேஜையில் உட்கார்ந்து ஏழு வரி எழுதினேன். தேரிக்காட்டில் பதநீர் என்ற பெயரில் கள் இறக்குவதாகப் பொதுமக்கள் புகார் கூறுகிறார்கள், அதிகாரிகள் கவனிப்பார்களா என்று அதில் இருந்தது. ஞானமுத்து பெயரைப் போடவில்லை. ஆனால் எந்த ரோட்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தால் அந்த விடிலி வரும் என்பது தெரியும்படி எழுதினேன். அந்தப் பொதுமக்கள் நான் ஒருவன்தான். சந்தேகப்பட்டு எழுதினேன், தவறாகப் புரிந்துகொண்டு எழுதினேன் என்றெல்லாம் தப்பிக்க எனக்கு வழியில்லை. சுண்ணாம்பு பூசிய கலயத்தில் விழும் பதநீர் புளித்துக் கள்ளாகாது என்பது இந்தச் சீமையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கலயத்தில் குடித்தவன் நான்.

மூன்றாம் நாள் போலீஸ் போனது. கலயங்களை உடைத்தார்கள், காய்ச்சும் அண்டாவைக் கவிழ்த்தார்கள், ஞானமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் உள்ளே இருந்தார். பனம்பாளையைத் தினமும் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் ஊற்று அடைத்துவிடும். ஒன்பது நாளில் நாற்பத்தாறு மரமும் அடைத்துவிட்டன. வழக்கு நிற்கவில்லை. உடைந்த ஓட்டிலெல்லாம் சுண்ணாம்பு இருந்தது, அதனால் விடுதலை. அந்த விடுதலைச் செய்தி நாலு வரியில் என் மேஜைக்கு வந்தது. இன்று இடமில்லை என்று சொல்லி எடுத்து வைத்தேன். மறுநாளும் வைத்தேன். அதற்கு மறுநாள் குப்பைக்கூடையில் போட்டேன். ஏழு வரி எழுதியதைவிட இந்த நாலு வரியை மறைத்ததுதான் பெரிய பாவம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஞானமுத்து வெளியே வருவதற்கு முன் செல்லக்கனி நம் வீட்டுக்கு வந்தாள். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். கையில் அந்தச் செய்தியின் நறுக்கு. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பயந்தேன். அவளோ உதவி கேட்டு வந்திருந்தாள். "பேப்பர்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்யா. புகார்னு போட்டிருக்கு, ஆரு குடுத்தான்னு போடலியே. எங்களுக்குப் பகையாளி ஒருத்தரும் கிடையாது. அந்த ஆளு ஆருன்னு மட்டும் சொல்லுங்க, கால்ல விழுந்தாவது கேட்டுக்கிடுதோம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? செய்தி கொடுத்தவர் பேரை வெளியே சொல்லக் கூடாது, அது தொழில் தர்மம் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "பொதுமக்கள்னா ஆரு?" என்று என்னைக் கேட்டாள். "உன் ஜோலியைப் பாரு" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இன்றுவரை தேரிக்கும் வரவில்லை. நீ கல்யாணம் பண்ணப் போகிறாய், அதனால் இதைச் சொல்கிறேன்: உன் மனைவி ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் வராமல், திரும்பவும் கேட்காமல் விட்டுவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதே. ஐந்து வருஷம் ஒரே வீட்டில் அந்தக் கேள்வியோடு சாப்பிட்டுப் படுத்து எழுந்தவன் சொல்கிறேன்.

இனி வருவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். அடுத்த மாதம் உன்னைத் தேரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு நாள் தார்ப்பாய்க்குக் கீழே தங்கினோம். கொத்தனார் அஸ்திவாரக் கல் வைத்தார். விடியற்காலை கொல்லாமரத்தடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து நீ உன் முதல் முயலைச் சுட்டாய். நாம் இருவரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த நாள் என்று உன் கடிதத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலையில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய்: "அப்பா, சீசன்தானே, ஏன் ஒரு மரத்துலயும் ஆளில்ல?" இந்த வருஷம் ஊற்று இல்லை என்றேன். நாம் அன்றைக்குப் பயமில்லாமல் வெடி வைத்தது, மேலே இருக்க வேண்டிய ஆள் அந்த நேரம் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு மூட்டை சுமந்துகொண்டிருந்ததால். உன் நல்ல ஞாபகம் ஒன்றைக் கெடுக்கிறேன். வேறு வழி இல்லை.

வீட்டை ஏன் முடிக்கவில்லை என்று நீ பல தடவை கேட்டாய். சிமெண்ட் கிடைக்கவில்லை என்றேன். கிடைக்கவில்லைதான், ஆனால் ஒரு பத்திரிகைக்காரன் அலைந்தால் கிடைத்திருக்கும். ஒருநாள் பழைய துறைமுகத்துக்கு உப்பு ஏற்றும் தோணிகளைப் பார்க்கப் போனேன். மூட்டையோடு ஞானமுத்து எதிரே வந்தார். தோளெல்லாம் புண். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "ஐயா சௌக்கியமா? வீடு கட்டியாச்சா? பாலு காய்ச்சுதன்னைக்குச் சொல்லுங்க, கருப்பட்டி கொண்டாறேன்" என்றார். கேலி இல்லை, மனசிலிருந்து சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்த அஸ்திவாரத்தின் மேல் ஒரு கல்லும் வைக்கவில்லை. இதை நல்ல குணம் என்று நினைத்துவிடாதே. கல் வைக்கப் பயந்த நான், உண்மையைச் சொல்லவும் பயந்து ஐந்து வருஷம் சும்மா இருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவர் திரும்ப மரம் ஏறத் தொடங்கினார் என்று தெரிந்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். தேரி ஓரத்தில் அவர்கள் ஊர். ஞானமுத்து மழைக்கு முன் வீட்டுக் கூரையை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் கூரைமேல், நான் கீழே. அவர் இறங்கும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று, நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன். கையிலிருந்த ஓலையை முழுக்கக் கட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். செல்லக்கனிதான் முதலில் பேசினாள்: "அன்னைக்கு ஒங்க வீட்டுக் காப்பியைக் குடிச்சிட்டு, நல்ல மனுசரு, தொழிலுக்கு நேர்மையா இருக்காருன்னு சொல்லிக்கிட்டே பஸ் ஏறினேன்யா." அதற்கு மேல் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிலத்தை அவர் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். ஞானமுத்து, "மண்ணு அப்பொறம் இருக்கட்டும்" என்றார். "எம் மூத்த மவளைப் பொண்ணு கேட்டு ரெண்டு இடம் வந்து திரும்பிப் போச்சு. கள்ளு வித்து செயிலுக்குப் போனவன் மவளுங்கான். விட்டுட்டாவன்னு சொன்னா, பேப்பர்ல போட்டிருந்தானேங்கான். விட்டதை எந்தப் பேப்பர்ல போட்டாவன்னு கேக்கான். என்ன சொல்லட்டும்? பேப்பர்ல போட்டதைப் பேப்பர்லயே எடுங்க." பிறகு நிலத்துக்கும் பதில் சொன்னார். "மண்ணு வேண்டாம்னு சொல்ல நான் கிறுக்கன் இல்ல. ஆனா அது ஒங்க மவன் பேர்ல இருக்குல்லா? அவன் மனசோட குடுத்தா வாங்குதேன். நீங்க குடுத்தா வாங்க மாட்டேன்."

அங்கிருந்து நேரே ஆசிரியரிடம் போனேன். நான் ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்பதை அவர்தான் ஞாபகப்படுத்தினார். வருத்தம் தெரிவித்து அடியில் இரண்டு வரி போடலாம், பெயர் வேண்டாம் என்றார். ஏழு வரிக்கு இரண்டு வரி போதாது என்றேன். ராஜினாமாவை மேஜைமேல் வைத்துவிட்டு, முழுப் பெயரோடு, அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில் வேண்டும் என்று கேட்டேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். ராஜினாமாவையும் எடுத்துக்கொண்டார். ஆகவே இதை நீ மட்டுமல்ல, எல்லோரும் வாசிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஞானமுத்து என்றும் கள் இறக்கியவர் இல்லை. புகார் கொடுத்தவன் நான். எழுதியவனும் நான். அவர் விடுதலையான செய்தியை மறைத்தவனும் நான்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இனிக் கொஞ்சம்தான். தானப்பத்திரம் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு ஏக்கரும், அஸ்திவாரக் கல்லும் சேர்த்து. நீ மேஜர் ஆகிவிட்டாய், உன் கையெழுத்து இல்லாமல் அது வெறும் காகிதம். போட்டால் உன் வேட்டைவீடு போகும். நண்பர்களிடம் சொன்ன சொல் போகும். போடாவிட்டால் நான் உன்னோடு சண்டை போடமாட்டேன். தை பிறந்ததும் மரத்தில் ஆள் ஏறியிருக்கும், துப்பாக்கியோடு உன்னை அங்கே பார்க்கவும் வரமாட்டேன். இப்போது முயல் சுடச் சட்டமும் விடாது, ஆனால் சட்டத்தைக் காட்டி உன்னைத் தடுக்க எனக்கு இஷ்டமில்லை. நீயாக முடிவு செய். கப்பலோ விமானமோ, நீ வந்து இறங்கிய மறுநாள் காலை பத்து மணிக்கு நான் சாத்தான்குளம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நிற்பேன். அன்று நீ வராவிட்டால் அடுத்த நாளும் நிற்பேன்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஞானமுத்து வீட்டுக்குப் போய் முழுக்க வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். ஒரே ஓர் இடத்தில் ஞானமுத்து கையைக் காட்டி நிறுத்தினார். 'ஓர் ஏழைப் பனையேறி' என்று எழுதியிருந்தேன். "அந்த ஏழையை எடுத்திருங்க. நாப்பத்தாறு மரம் எனக்குச் சொந்தம். இதுலயும் ஒரு பொய்யா?" என்றார். எடுத்துவிட்டேன். செல்லக்கனி உள்ளே எழுந்து போனாள். திரும்பி வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்: "பத்துப் பேப்பர் வேணும்னு சொல்லுங்க. அந்த ரெண்டு வீட்டுக்கும் குடுக்கணும். மிச்சம், இனிமே பொண்ணு பாக்க வாரவனுக்கு." அம்மா இருபதாகக் கட்டச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பேப்பர்க் கட்டை அவள்தான் சுமந்து வரப்போகிறாளாம். தேரிக்கு வர இப்போது சம்மதம் என்றாள். நாளை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம்.